மதுரை வெயிலில் ஓடப் போகும் 911: எந்த நிறம் எடுக்கலாம்?

கே.கே.நகர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். போர்ஷே 911 கரேரா ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறேன். சென்னை ஷோரூமில் பேசி முடித்தாகிவிட்டது. சக்கரம், சீட்டுத் தோல், உள்ளே ஓடும் தையல் நூல்வரை எல்லாம் முடிவாகிவிட்டது. வெளி நிறம் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது.

என் பட்டியலில் இருப்பவை ஜிடி சில்வர், கார்ட்ஸ் ரெட், ஜென்ஷன் புளூ, கறுப்பு. மகன் கறுப்பில் உறுதியாக இருக்கிறான். மனைவிக்குச் சிவப்பு. அம்மா பச்சை என்கிறார். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த வருஷம் செழிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர், வேறு என்ன சொல்வார்! ஆனால் அவர் கேட்கிற பச்சை வேண்டுமென்றால் ‘பெயிண்ட் டு சாம்பிள்’ வழியாகத்தான், அதாவது பட்டியலில் இல்லாத நிறத்தைத் தனியாகக் கேட்டு அடித்து வாங்கும் வழியில்தான், போக வேண்டும். கூடுதல் பணம், கூடுதல் காத்திருப்பு.

வண்டி எங்கே ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையில் அழகர்கோவில் சாலை, நத்தம் பக்கம். எப்போதாவது கொடைக்கானல் மலைப்பாதை. வேலை விஷயமாக நான்குவழிச் சாலையில் திருச்சி. வீட்டில் மூடிய ஷெட் இருக்கிறது, அலுவலகத்தில் வெட்டவெளி. வீட்டில் வருவது போர்த் தண்ணீர், நல்ல உப்பு.

இது வாழ்நாளில் ஒருமுறை வாங்குகிற வண்டி. யோசித்துச் சொல்லுங்கள்.

தல்லாகுளம் ராசா

வாழ்த்துகள் அண்ணே! கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை. மே மாதம் நம்ம ஊர் வெயிலில் கறுப்பு வண்டியின் கதவைத் தொட முடியாது.

செல்லூர் பெயிண்டர்

அண்ணே, கார் பெயிண்ட் அடிப்பதுதான் என் தொழில். பெரிய வண்டிகளும் எங்கள் பெயிண்ட் பூத்துக்கு வரும். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் துருத் தடுப்பு, பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அப்படியென்றால் மொத்தப் பெயிண்டும் இரண்டு முடி கனம். அதில் கிளியர் 40, 50 மைக்ரான். ஒவ்வொரு முறை கம்பவுண்டு போட்டுப் பாலிஷ் செய்யும்போதும் இந்தக் கிளியரில்தான் கை வைக்கிறோம். ஆகவே அடிக்கடி பாலிஷ் கேட்கிற நிறத்தை எடுக்காதீர்கள் என்பது என் முதல் வார்த்தை.

அடிக்கடி பாலிஷ் கேட்பது கறுப்பு. துணியால் துடைத்த வட்ட வட்டக் கீறல்கள் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும். உங்கள் போர்த் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் விட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும். சூட்டோடு இருக்கிற பானெட்டில் அது கிளியரையே அரித்துவிடும், அப்புறம் துணியால் துடைத்தால் போகாது. ஜென்ஷன் புளூவும் இந்த விஷயத்தில் கறுப்புக்குப் பக்கத்து வீடுதான். சில்வரில் கீறலும் தெரியாது, உப்பும் தெரியாது.

ஆனால் சில்வருக்கு வேறு கஷ்டம் உண்டு. மெட்டாலிக் நிறங்களில் மெல்லிய அலுமினியத் துகள் கலந்திருக்கும். அந்தத் துகள் எப்படிப் படுக்கிறதோ அப்படித்தான் ஷேடு. கொஞ்சம் உலர்வாக அடித்தால் வெளிறும், ஈரமாக அடித்தால் இருண்டுவிடும். அதனால் ஒரு கதவில் அடிபட்டால் அந்தக் கதவை மட்டும் அடித்துக் கொடுக்க முடியாது. பக்கத்துப் பேனலிலும் நிறத்தைப் படிப்படியாகக் கரைத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் தொழிலில் ஆளைச் சோதிப்பதே வெளிர் சில்வர்தான். கார்ட்ஸ் ரெட் துகள் இல்லாத சாலிட் நிறம். ரிப்பேரில் அதைச் சேர்ப்பது எவ்வளவோ சுலபம்.

கரிசல்காட்டான் (திருமங்கலம்)

தூசியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லாப் பக்கமும் ஒரே தூசி இல்லை. எங்கள் திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். அது சாம்பல் படலமாகப் படியும், வெள்ளை வண்டியில் அப்படியே காட்டிக்கொடுக்கும். நத்தம், மேலூர்ப் பக்கம் செம்மண். அங்கே வெள்ளையும் கறுப்பும் இரண்டுமே பாவம். சிவப்பில் செம்மண் தெரியவே தெரியாது. சார் ஓட்டப்போவது நத்தம் பக்கம் என்பதால் சொன்னேன்.

கே.கே.நகர்வாசி

பெயிண்டர் தம்பி, மிக்க நன்றி. இவ்வளவு விவரம் ஷோரூமில்கூடச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம். சிவப்பு வெயிலில் வெளுத்துவிடும் என்கிறார்களே? பழைய சிவப்பு மாருதிகள் ரோஸ் நிறமாகிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

செல்லூர் பெயிண்டர்

பார்த்தது உண்மைதான் அண்ணே. அது பழைய காலத்து நிறமி, மேலே கிளியரும் இல்லாமல் அடித்தது. 1980களில் டிபிபி என்ற புது வகைச் சிவப்பு நிறமி வந்தது. அதற்கு ஃபெராரி சிவப்பு என்றே பட்டப்பெயர் உண்டு. வெயிலை நன்றாகத் தாங்கும். அதற்கு மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியரும் இருக்கிறது. இன்றைய சிவப்பு வெளுக்கும் என்ற பயத்தில் யாரும் சிவப்பைத் தள்ள வேண்டாம்.

ஆனையூர் அமுதன்

எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் காருக்கும் நிறத்துக்கும் உள்ள உறவு அலங்காரத்தில் தொடங்கவில்லை. பந்தயங்கள் நாட்டுக்கு நாடு நடந்த காலத்தில், எந்த வண்டி எந்த நாட்டுடையது என்று பார்வையாளர்களுக்குத் தெரிய நாட்டுக்கொரு நிறம் ஒதுக்கினார்கள். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, 1930களில் அது வெள்ளி. பிரிட்டன் பச்சைக்கு வந்த கதை சுவையானது. 1903இல் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தை பிரிட்டன் நடத்த வேண்டியிருந்தது. அங்கே பொதுச் சாலையில் பந்தயம் விடச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் அயர்லாந்தில் நடத்தினார்கள். அந்த மண்ணுக்கு மரியாதையாகப் பிரிட்டிஷ் வண்டிகள் பச்சை பூசிக்கொண்டன. அந்தப் பச்சை பிறகு நிலைத்தே போனது.

சிவப்பு என்றாலே ஃபெராரி என்று இருக்கிறது அல்லவா, அந்த ஃபெராரியே சிவப்பை விட்ட வருஷம் ஒன்று உண்டு. 1964இல் இத்தாலிய மோட்டார் அமைப்போடு என்சோ ஃபெராரிக்கு மனஸ்தாபம். வருஷக் கடைசியில் அமெரிக்கா, மெக்சிகோ பந்தயங்களில் அவருடைய வண்டிகள் நீலமும் வெள்ளையுமாக ஓடின. ஜான் சர்டீஸ் உலகப் பட்டம் வென்றது அந்த நீல வெள்ளை வண்டியில்தான். ஃபெராரி சின்னத்தின் பின்னணி மஞ்சளும் பந்தயச் சிவப்பிலிருந்து வந்ததல்ல, மொடேனா நகரத்தின் நிறம் அது.

சாருக்கு நான் சொல்வது இதுதான். 911 ஜெர்மன் வண்டி. வெள்ளி அதன் பிறந்த வீட்டு நிறம். ஜிடி சில்வரில் அந்தப் பின்பக்கச் சரிவைப் பாருங்கள், வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். வடிவத்தை வேறெந்த நிறமும் இப்படிக் காட்டாது.

ரிங்ரோடு பயணி

ஆனையூர் சார் எழுதியது அருமை. ஆனாலும் சில்வர் வேண்டாம் என்பேன். காரணம் லாரி.

நான் தினமும் கப்பலூர் வழியாக நான்குவழிச் சாலையில் போகிறவன். 911 மார்பு உயரம்தான். லாரி டிரைவரின் கண்ணாடியில் அது சாலையோடு சாலையாகக் கலந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பகல் வெளிச்சத்தில் வெள்ளை வண்டிகளோடு ஒப்பிட்டால் விபத்து அபாயம் கறுப்புக்கு சுமார் 12 சதவீதம், சாம்பலுக்கு 11, வெள்ளிக்கு 10 கூடுதல் என்று கண்டார்கள். கறுப்பு எதிர்பார்த்ததுதான். வெள்ளியும் அதே வரிசையில் நிற்கிறது பாருங்கள். தார்ச் சாலை, கானல், மேகமூட்டம் எல்லாமே சாம்பலும் வெள்ளியுமாகத்தான் இருக்கின்றன. சிவப்பும் நீலமும் அந்த ஆய்வில் வெள்ளையைவிடப் பின்தங்கியவைதான், ஆனால் வெள்ளி அளவுக்கு இல்லை.

இன்னொன்று, தல்லாகுளத்துத் தம்பி சொன்ன சூடு. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரே மாதிரி இரண்டு கார்களை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி, வெயிலில் நிறுத்திப் பார்த்தது. வெள்ளி வண்டியின் உள்காற்று 5, 6 டிகிரி குறைவாக இருந்தது. அலுவலகத்தில் வெட்டவெளி என்கிறார். கறுப்பை இதோடு விட்டுவிடலாம்.

தல்லாகுளம் ராசா

அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன். வெள்ளை!

கே.கே.நகர்வாசி

கறுப்பை எடுத்துவிட்டேன். மகனிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன், இறங்கி வந்துவிட்டான். வந்தவன் உடனே மேட் சாம்பலுக்குத் தாவிவிட்டான். பளபளப்பில்லாத மேட் நிறம் நம் ஊருக்கு ஒத்துவருமா?

செல்லூர் பெயிண்டர்

ஒத்துவராது அண்ணே. மேட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். பேனலையே திரும்ப அடிக்க வேண்டும். அதோடு நம் ஊரில் வண்டி வந்த அன்றே பாண்டி கோயிலுக்குக் கொண்டு போய்ப் பூஜை போடுவோம். பானெட்டில் சந்தனம், குங்குமம், மஞ்சள், மேலே மாலை. மேட் பெயிண்ட் அத்தனை கறையையும் குடித்துக்கொள்ளும். தம்பிக்கு மேட் ஆசை விடவில்லை என்றால், பளபளப்பான பெயிண்ட் எடுத்து அதன் மேல் சாட்டின் பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் பளபளப்புக் குறைந்த பிளாஸ்டிக் படலம், ஒட்டலாம். அலுத்துவிட்டால் உரித்துவிடலாம்.

விற்பனை விவரம்

பயன்படுத்திய சொகுசு கார்களை வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன். உணர்ச்சிகளை ஒதுக்கிவைத்துப் பேசுகிறேன். வெள்ளை, சில்வர், கறுப்பு, சாம்பல் நான்கையும் யாரும் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள். ஸ்பெஷல் ஆர்டர் பச்சை என்றால், அந்தப் பச்சையைப் பிடித்த ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். நீலம் நடுவில் நிற்கும். இதையும் கணக்கில் வையுங்கள் சார்.

சுங்குடிச் சாயக்காரர்

தம்பி, எனக்குக் கார் தெரியாது, நிறம் தெரியும். மூன்று தலைமுறையாகச் சுங்குடிக்குச் சாயம் போடுகிற குடும்பம்.

எல்லோரும் நிறத்தின் பெயரை வைத்துப் பேசுகிறீர்கள். பெயரில் நிறம் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. நாங்கள் சாயத்தொட்டியிலிருந்து எடுத்த துணியைக் கடை விளக்கில் வைத்து முடிவு செய்யமாட்டோம். வெளியே எடுத்து வந்து, காய்ந்த பிறகு, வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பார்ப்போம். கடை விளக்கில் ஒன்றுபோல இருந்த இரண்டு துண்டு, வாசலுக்கு வந்ததும் வேறு வேறாகிவிடும். இரண்டிலும் வேறு வேறு சாயம் கலந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். காருக்கும் இது மாறாது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் அளவு. உள்ளங்கை அளவுத் துண்டில் பார்த்த சிவப்பும் ஆறு கஜத்தில் பார்க்கிற சிவப்பும் ஒன்றில்லை. சிறிய துண்டில் அடக்கமாக இருக்கும் நிறம் பெரிய பரப்பில் சத்தம் போடும். அடர் நிறமோ தலைகீழாக, சிறிய துண்டில் கறுப்பாகத் தெரிந்தது விரித்துப் போட்டதும் உயிர் பெற்றுவிடும். ஷோரூமில் உங்களுக்கு எவ்வளவு பெரிய மாதிரி காட்டினார்கள்?

கே.கே.நகர்வாசி

ஐயா, கைபேசி அளவுத் தகடுதான். அதுவும் உள்ளே, வெள்ளை விளக்கில். மற்றதெல்லாம் கணினித் திரையில் பார்த்தது.

சுங்குடிச் சாயக்காரர்

அப்படியென்றால் நீங்கள் இன்னும் ஒரு நிறத்தையும் பார்க்கவில்லை.

செல்லூர் பெயிண்டர்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. அண்ணே, நிறக் குறியீடுகளை எனக்கு அனுப்புங்கள். மிக்ஸிங் கடையில் கலந்து வாங்கி, என்னிடம் கிடக்கிற பழைய பானெட்களில் அடித்துக் காட்டுகிறேன். தட்டையான தகடு வேண்டாம், வளைவுள்ள பானெட்தான் வேண்டும். மெட்டாலிக்கை நேரே பார்த்தால் ஒரு ஷேடு, சாய்த்துப் பார்த்தால் இன்னொரு ஷேடு, அது வளைவில்தான் தெரியும். கம்பெனியில் இயந்திரம் அடிப்பது போல நூல் பிசகாமல் வராது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் திரையில் பார்ப்பதைவிட எத்தனையோ மேல்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

சொந்த ஊர் உசிலம்பட்டி, வேலை போர்ஷேயின் ஊரில். கம்பெனியில் இல்லை, வேறு வேலை.

பெரியம்மா கேட்ட பச்சைக்காக எழுதுகிறேன். 2017 மே மாதம் பத்து லட்சமாவது 911 தொழிற்சாலையை விட்டு வந்தது. அந்த வண்டிக்கு என்ன நிறம் கொடுத்தார்கள் தெரியுமா? வெள்ளி இல்லை, சிவப்பு இல்லை. ஐரிஷ் கிரீன். 1960களின் 911களில் இருந்த பழைய பச்சை. துகள் இல்லாத சாலிட் நிறம். ஆழமும் உண்டு, இலை போன்ற தெளிவும் உண்டு, கறுப்பில் போய் விழுந்துவிடாது. ஆனையூர் அண்ணன் வெள்ளியைப் பிறந்த வீட்டு நிறம் என்றார். 911க்கு இந்தப் பச்சையும் பிறந்த வீடுதான். அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்து ஒரு பானெட்டில் அடித்துப் பாருங்கள்.

ரிங்ரோடு பயணி

பச்சை என்றதும் ஓர் எச்சரிக்கை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 121ஆம் விதிப்படி ஆலிவ் கிரீன் ராணுவத்துக்கு மட்டும்தான். ஐரிஷ் கிரீன் அந்த மங்கல் பச்சை இல்லை, அதனால் பயமில்லை. யாராவது ராணுவப் பச்சையில் ராப் (பெயிண்டின் மேல் ஒட்டும் நிறப் படலம்) ஒட்டலாம் என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எந்த நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி.யில் உள்ள நிறத்தையும் மாற்ற வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கே.கே.நகர்வாசி

பெயிண்டர் தம்பி வீட்டுக்கே நான்கு பானெட் கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். ஜிடி சில்வர், கார்ட்ஸ் ரெட், ஜென்ஷன் புளூ, ஐரிஷ் கிரீன். பார்த்ததை எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

காலை ஏழு மணிக்கு நான்கில் ஜென்ஷன் புளூ முதலிடம். சாய்ந்த வெயிலில் அதற்குள் ஊதா ஓடுகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன். மதியம் அது ஆழ்ந்து போய், பத்தடி தள்ளி நின்றால் கறுப்பு என்றே சொல்லலாம். இரவில், எங்கள் தெருமுனையில் மஞ்சள் சோடியம் விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் கீழே சுத்தக் கறுப்பு. கறுப்பை வேண்டாம் என்றுவிட்டு அதையே வேறு பெயரில் வாங்க வேண்டாம் என்று தோன்றியது.

ஜிடி சில்வர் காலையிலும் மாலையிலும் ஆனையூர் சார் சொன்னபடியே. மதியம் பன்னிரண்டுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை, கண் கூசி வடிவமே தெரியவில்லை. எந்த வடிவத்துக்காக அதை எடுப்போமோ அந்த வடிவம் நம் ஊர் உச்சி வெயிலில் காணாமல் போகிறது. இது நான் எதிர்பார்க்காதது.

சிவப்பு எந்த நேரத்திலும் சிவப்பு. நேர்மையான நிறம். மனைவி இன்னும் அதில்தான் இருக்கிறார். எனக்கு மதிய வெயிலில் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் போவது போலப் பட்டது. சாயக்கார ஐயா சொன்ன சத்தம் என்ன என்று புரிந்தது.

பச்சை மதியத்தில்தான் நன்றாக இருந்தது. மற்ற மூன்றும் தடுமாறிய நேரத்தில் அது அமைதியாக, முழுசாக நின்றது. பக்கத்தில் வேப்பமரம் இருந்தும் அதில் கலக்கவில்லை. நான் ஓட்டப்போவதில் பாதி பகல் வெளிச்சத்தில்தான்.

பச்சைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டேன். விற்பனை விவரம் சார், நீங்கள் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் இந்த வண்டியை விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. மனைவிக்கு உள்ளே சீட்டு பெல்ட் சிவப்பு.

ஆனையூர் அமுதன்

எனக்கு இன்னும் மனசு வெள்ளியில்தான். ஆனாலும் உச்சி வெயில் விஷயம் நான் யோசிக்காதது. வாழ்த்துகள் சார். வந்ததும் நத்தம் பறக்கும் பாலத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

செல்லூர் பெயிண்டர்

சந்தோஷம் அண்ணே. மூன்று விஷயம் மட்டும். ஒன்று, வண்டி வந்ததும் முதலில் தடிமன் மீட்டர் வைத்து ஒவ்வொரு பேனலும் அளந்து எழுதிவைத்துக்கொள்வோம். வழியில் எங்காவது அடிபட்டுத் திரும்ப அடித்திருந்தால் அதில் தெரிந்துவிடும். இரண்டு, பிளாஸ்டிக் பம்பரும் உலோகப் பேனலும் சேரும் இடத்தில் மயிரிழை ஷேடு வித்தியாசம் தெரியலாம். புது வண்டிகளிலும் இருப்பதுதான், பதற வேண்டாம். மூன்று, பூஜைக்கு முன்னால் முன்பக்கம் முழுக்கப் பிபிஎஃப் ஒட்டிவிடுவோம். 150, 200 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் படலம், லாரி டயர் தெறிக்கிற கல்லைத் தாங்கும். செராமிக் கோட்டிங் என்று மேலே பூசுகிற மெல்லிய பூச்சு கல்லைத் தாங்காது, அதை நம்பி இதை விடாதீர்கள். சந்தனமும் குங்குமமும் படலத்தின் மேல்தான் படும், அன்று சாயங்காலமே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

கே.கே.நகர்வாசி

அப்படியே செய்வோம் தம்பி. படலத்துக்கு என்ன செலவாகும் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். கழுவுவதற்கு உப்பில்லாத தண்ணீர் வர ஷெட்டுக்கு ஆர்.ஓ. லைன் இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.